துயரும் சோறும்: ஜப்பானியப் புனைகதையில் ஒரு நோக்கு

அன்புக்குரியவர் மாண்ட பின்னரும் வயிறு பசிக்கிறது. கண்ணீர் காயுமுன்பே உடல் தன் தேவையைக் கேட்பதை எண்ணித் துயருற்றோர் நாணுவதும் உண்டு. இந்த நாணத்தையும் அதனைக் கடந்து பிறக்கும் ஆறுதலையும் ஜப்பானியப் புனைகதையாசிரியர் சிலர் நுட்பமாகச் சித்திரித்துள்ளனர்.

ஜப்பானிய மரபில் சோற்றுக்கும் சாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இறந்தவரின் தலைமாட்டில் கிண்ணம் நிறையச் சோறு குவித்து, அதில் உணவுக்குச்சிகளை நட்டு வைப்பர். எரியூட்டிய பின்னர் உறவினர் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலயத்தில் இடுவர். அதனாலேயே அன்றாட உணவின்போது சோற்றில் குச்சியை நடுவதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஆகாதவை. உண்ணும் ஒவ்வொரு வேளையிலும் சாவின் நிழல் இவ்வாறு படிந்திருக்கும் மண்ணில், சோற்றால் துயர் தணியும் கதைகள் எழுந்தது வியப்பன்று.

இவ்வகைக் கதைகளுள் பெரும்புகழ் பெற்றது, பனானா யோஷிமோட்டோ 1988இல் நூலாக வெளியிட்ட 'கிச்சன்'. சமையலறையைக் குறிக்க ஜப்பானிய மொழியில் 'தாய்தோகோரோ' என்னும் பழஞ்சொல் இருக்க, ஆசிரியர் அந்நியச் சொல்லையே தலைப்பாக்கினார். மருமகள் மாமியாருக்கு அடங்கிப் பணியாற்றிய பழைய அடுக்களை அன்று அவர் காட்டுவது. குலமும் குடும்பமும் இழந்த ஒரு பெண் தானே தேடிக்கொண்ட புகலிடம் அது.

தாய் தந்தையரை இளமையிலேயே இழந்த மிகாகே, வளர்த்த பாட்டியும் மறைந்தபின் குளிர்பதனப் பெட்டியின் அருகே படுத்துறங்குகிறாள். பாட்டிக்கு அறிமுகமான யூயிச்சி என்னும் இளைஞன் அவளைத் தன் வீட்டிற்கு அழைக்கிறான். மனைவியை இழந்தபின் பெண்ணாகவே வாழத் துணிந்து, பிள்ளைக்குத் தந்தையும் தாயுமாகிய எரிகோ அங்கே இருக்கிறாள். மிகாகே அங்கு முட்டைக் கஞ்சி காய்ச்சுகிறாள். நூல்களைப் படித்துச் சமையல் பயில்கிறாள். பின்னர் எரிகோ கொலையுண்டு இறக்க, இப்போது யூயிச்சி அநாதையாகிறான்.

கதையின் உச்சம் ஒரு கிண்ணம் கட்சுடோன். பன்றியிறைச்சியைப் பொரித்து, முட்டையோடு சேர்த்துச் சோற்றின்மேல் இடும் எளிய உணவு அது. தொழில் நிமித்தம் இசுவுக்குச் சென்ற மிகாகே, இரவில் ஓர் உணவகத்தில் அதனைச் சுவைத்ததும் மற்றொன்றை வாங்கிக்கொண்டு, வாடகைக் காரில் நெடுந்தொலைவு சென்று, யூயிச்சி தங்கியிருக்கும் விடுதியின் சுவரேறி அவன் அறைக்குள் நுழைகிறாள். அவனோ சில நாளாகத் தவுவைத் தவிர வேறொன்றும் கிட்டாமல் பசித்திருக்கிறான்.

இக்காட்சியை மிகையுணர்ச்சி என்று தள்ளுவோர் உளர். அவர்தம் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. எரிகோவின் கொலை சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் வாடகைக் காருக்குக் கணக்கின்றிச் செலவிடுவது செழிப்புற்ற காலத்து நாயகிக்கே இயலும். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. கட்சுடோன் யூயிச்சியின் துயரைத் தீர்ப்பதில்லை; தீர்த்ததாக ஆசிரியர் கூறவுமில்லை. உண்டு பிழைத்தவள் ஊட்டுபவளாகிறாள் என்பதே அங்கு நிகழும் மாற்றம். தன் நாவிற்கு இனித்ததைத் தனித்துண்ண மனம் ஒவ்வாத அந்தக் கணத்தில்தான் மிகாகே பாட்டியின் சாவிலிருந்து எழுகிறாள்.

இவ்வாறுதலின் மறுபக்கத்தை அகியுகி நோசாகா 1967இல் எழுதிய 'மின்மினிகளின் கல்லறை' காட்டுகிறது. போரில் தாயை இழந்த செய்தா, நான்கு வயதுத் தங்கை செத்சுகோவுடன் உறவினர் வீட்டில் தங்குகிறான். தாயின் கிமோனோக்களை மாற்றிப் பெற்ற அரிசியில்கூட அப்பிள்ளைகளுக்கு உரிய பங்கு கிட்டுவதில்லை. தங்கை பட்டினியால் மடிகிறாள். இனிப்பு மிட்டாய் இருந்த தகர டப்பாவில் அவள் எலும்புகளைச் சுமந்த அண்ணனும் 1945 செப்டம்பரில் கோபே நகரின் சன்னோமியா நிலையத்தில் உயிர்விடுகிறான். நோசாகாவும் போர்க்காலத்தில் வளர்ப்புக் குடும்பத்துத் தங்கையை ஊட்டமின்மைக்குப் பறிகொடுத்தவர்; கதையில் வரும் அண்ணனைப்போல் தாம் அன்பு காட்டவில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டவர். ஊட்டாத சோறு வாழ்நாள் முழுதும் தொண்டையில் நிற்கும் என்பதற்கு இக்கதையே சான்று.

இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சோறு கிடைத்த காலத்தில் அதனைப் பகிர்வது ஆறுதலாகிறது. கிடைக்காத காலத்தில் பகிராமை ஆறாப் புண்ணாகிறது. இரண்டிலும் பொருளாவது சுவையன்று. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே.

2008இல் இதோ ஒகாவா எழுதிய 'நத்தை உணவகம்' இவ்வழியில் மேலும் ஓரடி செல்கிறது. காதலன் உடைமைகளையெல்லாம் கொண்டு சென்றுவிட, பாட்டி விட்டுச்சென்ற தவிட்டு ஊறுகாய்ச் சாடி மட்டும் ரிங்கோவிடம் எஞ்சுகிறது. குரலையும் இழந்த அவள், பிறருக்குச் சமைப்பதையே தன் பேச்சாக்குகிறாள். தாய் அன்போடு வளர்த்த பன்றியை அறுத்துச் சமைக்கும் பகுதி, ஒருவர்க்கு ஆறுதலாகும் உணவு மற்றோர் உயிரின் இழப்பு என்பதை மறைக்காமல் உரைக்கிறது.

அண்மைக் காலத்தில் உணவகத்தையும் காப்பிக் கடையையும் களமாக்கி மனப்புண் ஆற்றும் கதைகள் ஜப்பானில் மிகுதியாக வெளிவருகின்றன. அவற்றுள் பல, ஒரு கவளம் உண்டதும் துயர் அகன்றது என்று எளிதில் முடிந்துவிடுகின்றன. அவற்றைப் பயிலும் மாணவர்க்கு 'கிச்சன்' நல்லதோர் உரைகல். கிண்ணம் காலியான பின்னும் இறந்தவர் இறந்தவரே. அதனை அறிந்தே, ஆறிப்போகுமுன் சேர்க்கவேண்டும் என்று ஒருத்தி சோற்றைச் சுமந்து இரவில் விரைகிறாள். அந்த விரைவிலேதான் அக்கதையின் உயிர் இருக்கிறது.