சிறிய ஞானோபதேசம்: குடும்ப வழிபாட்டு நூல் – ஒரு மதிப்பீடு

மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென எழுதப்பட்ட வினா-விடை நூலாகும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இதைத் தமிழாக்கினார்.

விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதிக்கான விளக்கமே நூலின் சிறப்பு. இயேசு மெய்யான தேவன், மெய்யான மனிதன் என்று கூறுவதோடு அது நிற்கவில்லை. அவரைத் தன் ஆண்டவர் என்று பிள்ளையே அறிக்கையிடச் செய்கிறது.

எனினும், இயேசுவின் ஊழியக்கால நிகழ்ச்சிகள் இவ்விளக்கத்தில் இல்லை. இதை மனப்பாடம் செய்த பிள்ளை, அவரைத் தேவன் என்று ஏன் சொல்கிறோம் என்பதை அறியாதிருக்கலாம். குடும்ப ஜெபத்தில் மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு புயலை அடக்கும் பகுதியை முதலில் வாசித்து, இவர் யார் என்று சீடர்கள் வியந்ததைப் பிள்ளைகளையும் சிந்திக்க விட்டு, அதன்பின் விடையைக் கற்பித்தால் இக்குறை நீங்கும்.