வலைக்கு ஒரு பங்கு

ராயபுரம் பக்கம் போகும்போதெல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவது என் வழக்கம். கடலுக்குப் போகிறவர்களைவிட, நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பழுது பார்க்கிறவர்கள்தாம் என் கண்ணில் படுவார்கள். மீன் விற்ற பணத்தில் படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. இந்த விவேகம் நம் இலக்கிய அன்பர்கள் பலருக்கு இல்லை.

"பணம் எதற்கு? ஆர்வம் போதாதா?" என்பார்கள், மதுரைத் திட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். சுவிட்ஸர்லாந்தில் வசித்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது அது. பல தேசத்துத் தமிழர்கள் சம்பளமின்றிப் பழைய நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, இலவசமாகத் தந்தார்கள். அதில் படித்துப் பயனடைந்தவன் நான். குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒருமுறை திருத்தமாக எழுதிவிட்ட நூல் அநேகமாக அப்படியே இருக்கும். டிஸ்கி எழுத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது போன்ற மராமத்து என்றோ ஒருநாள்தான் வரும்.

கம்ப்யூட்டர் புரோகிராம் அப்படியல்ல, அது வலை. உபயோகிக்க உபயோகிக்கக் கிழியும். யாரும் எடுத்து ஆளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த புரோகிராம்களில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். ஒன்று. உலகத்துப் பாங்கிக் கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் அதுதான் பூட்டு. இரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படாத ஓட்டை ஒன்று 2014-ல் அதில் வெளிப்பட்டது. பெரிய கம்பெனிகளெல்லாம் அதை இலவசமாக ஆண்டுவந்தன. வருஷ நன்கொடையோ சுமார் 2,000 டாலர்! அதற்குப் பிறகே கம்பெனிகள் கூடிப் பணம் போட்டன.

பணம் மட்டும் போதுமா என்றால், போதாது. எக்ஸ்.இஸட். என்ற புரோகிராமை ஒரே மனிதர் ஊதியமின்றிக் கவனித்துக் களைத்துப் போனார். உதவ வந்த அந்நியர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராக நடந்து, சாவியை வாங்கி, உள்ளே கள்ளவழி வைத்தது 2024-ல் தெரிந்தது. சாவியை யாரிடம் தருவது, யார் சரிபார்ப்பது என்ற நிர்வாகம் அங்கே இல்லை. இருந்த ஒரு மனிதரின் நல்ல மனசையே ஸ்தாபனம் என்று உலகம் நம்பிவிட்டது.

தியாகத்தைப் புகழ்வது சுலபம், செலவில்லாத காரியம். இத்தனை படித்த நான் மதுரைத் திட்டத்துக்கு ஒரு பக்கம்கூடத் தட்டெழுதிக் கொடுத்ததில்லை. காசிமேட்டில் நிற்கும்போது அந்த நினைவு வந்தால், வலை தைக்கிறவர்களை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.