ரச்சபண்ட

ஊர் கூடிப் பேசும் மரத்தடி மேடையைச் சித்தூர் வட்டாரத் தெலுங்கில் ‘ரச்சபண்ட’ என்பர். ‘ரச்ச’ என்பது பொது இடத்தையும் அங்குக் கூடும் அவையையும், ‘பண்ட’ என்பது பாறையையும் குறிக்கும். பழந்தமிழர் மன்றம், பொதியில் என்று வழங்கியதும், சந்தையும் வழக்காடலும் ஒருங்கே நடந்த நகர்வெளியை ரோமானியர் ஃபோரம் என்றதும் இவ்வகையினவே. ஆயினும் பளிங்குத் தூண்கள் சூழ்ந்த அவ்வெளியைவிட, வேம்போ அரசோ நிழல் தர, ஏரித் தண்ணீரின் பங்கீட்டையும் வரப்புத் தகராற்றையும் பேசித் தீர்க்க இடமளித்த இந்தக் கற்பலகையே அழகிற் சிறந்தது. எல்லாச் சாதியாரையும் அது சமமாக அமரவிட்டதில்லை என்ற குறையும் மறைக்கத்தக்கதன்று. முதலில் வீட்டில் வென்று பின்னர் ரச்சயில் வெல்ல வேண்டும் என்னும் தெலுங்குப் பழமொழி, அவையில் எழுந்து பேசுவதை எத்துணை அரிய செயலாக மக்கள் கருதினர் என்பதைக் காட்டுகிறது.

ஊர் கூடிப் பேசும் வழக்கம் இவ்வட்டாரத்தில் வேறு வடிவிலும் இருந்தது: திருப்பதியை அடுத்த திருச்சானூரில் இயங்கிய சபை, அதாவது பிராமணக் குடியிருப்பின் ஊரவை, கோயிற்கொடைகளைப் பொறுப்பேற்று நடத்தியதைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. அண்மைக் காலத்தில், மக்களின் குறைகளை ஊர்தோறும் நேரில் கேட்கும் அரசுத் திட்டத்துக்கு ‘ரச்சபண்ட’ என்றே பெயரிட்ட அன்றைய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, அதைத் தொடங்கச் சித்தூர் மாவட்டத்துக்குப் புறப்பட்ட 2009 செப்டம்பர் 2 அன்று, வழியிலேயே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.