பால்மரத் தோட்டம் காடாகுமா?

அகிலன் தமது மலேசியத் தோட்டப்புற நாவலுக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ எனப் பெயரிட்டார். தோட்டத்தைக் காடு என்னும் வழக்கு, ‘வெளிக்காட்டு வேலை’ எனும் தொழிலாளர் பேச்சிலும் உண்டு. இதனைச் சான்றாகக் கொண்டு இரப்பரை இயற்கையாகவும், பின்வந்த செம்பனையைக் கேடாகவும் காணும் சூழலியல் திறனாய்வு நமக்கு உடன்பாடன்று. இரண்டும் காட்டை அழித்து நட்ட ஒற்றைப் பயிர்களே.

கரிமத் தடத்தை ஆராய்வோர் மரத்தினும் மண்ணையே முதலில் நோக்குதல் வேண்டும். கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ராஜா மூசா காடு, ‘காம்புட்’ எனப்படும் சதுப்பு நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி முற்றும் மட்காது தங்கிய தாவர எச்சமே அம்மண். கால்வாய் வெட்டி நீரை வடித்தால், அதிலுள்ள கரிமம் உயிர்வளியோடு சேர்ந்து கரியமில வாயுவாகும், நிலமும் தாழும், வறட்சியில் தீப்பற்றும். 1990இல் காப்புக்காடாக்கப்பட்ட அங்கு, மரம் வெட்டியோர் விட்டுச்சென்ற கால்வாய்களை அடைத்து மரம் நடும் பணி 2008இல் தொடங்கியது. இத்தகைய மண்ணிலமைந்த செம்பனைத் தோட்டங்களிலும், வடிகால் நீர்மட்டத்தைப் பயிர் தாங்குமளவு உயர்த்தினால் வெளியேற்றம் குறையும்.

‘தடம்’ என்னும் சொல்லோ நடந்தவனையே நினைப்பூட்டி, லயத்து விறகடுப்பை எண்ண வைக்கிறது. வடிகால் தோண்டியது தொழிலாளியின் கையாயினும், ஆணை நிருவாகத்தினுடையது. தோட்டக் கதைகளைக் கற்பிக்கையில், அவற்றில் வரும் வடிகால்களை வெட்டச் சொன்னவர் யார் என்றும் மாணவரை வினவலாம்.