திறந்த கதவும் உயர்ந்த படியும்

பல்கலைக்கழகக் கதவு என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது தரப்படுத்தல்தான். 1971இல், தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளை சிங்களத்தில் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் மருத்துவம் படிக்கலாம் என்றானபோது எமது ஒரு தலைமுறையின் அரசியலே மாறிற்று. ஆகவே இன்னொரு நாடு தன் உயர்கல்வியைத் திருத்திய கதையை நாம் ஒதுங்கிநின்று படிக்க முடியாது.

தென்னாபிரிக்காவில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை நிறத்தாலும் இனக்குழுவாலும் கூறுபோட்டது. மண்டேலா படித்த ஃபோர்ட் ஹெயார், கோசா மக்களுக்கென்று சுருக்கப்பட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் பேரப்பிள்ளைகளுக்கு, அவர்களுள் தமிழர் பலர், 1961இல் டேர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில் பழைய கடற்படைக் கட்டடங்கள் ஒதுக்கப்பட்டன. அதுவே பின்னர் டேர்பன்-வெஸ்ற்வில் பல்கலைக்கழகமாயிற்று.

1994இல் ஆட்சி மாறியது. 1997இன் வெள்ளை அறிக்கை சமத்துவம், பழைய அநீதிக்குப் பரிகாரம், தரம், வினைத்திறன், தன்னாட்சி, பொறுப்புக்கூறல் அனைத்தையும் ஒரே மூச்சில் வாக்களித்தது. எமது விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. பரிகாரத்துக்குப் பணம் வேண்டும். அரசோ 1996இலேயே செலவை இறுக்கும் பொருளாதாரத் திட்டத்தை ஏற்றிருந்தது. இரண்டும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்பதை அறிக்கை தெளிவாக்கவில்லை.

காலம் தெளிவாக்கிற்று. 36 நிறுவனங்கள் 23 ஆக இணைக்கப்பட்டன. 2004இல் டேர்பன்-வெஸ்ற்வில், நேற்றால் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து குவாசுலு-நேற்றால் ஆனது. பிரிவினையின் வரைபடம் அழிந்தது நல்லதே. கறுப்பின மாணவர் தொகையும் பெருகிற்று. ஆனால் மாணவருக்கேற்ப மானியம் உயரவில்லை, கட்டணம் உயர்ந்தது. நிறத்தடை நின்ற வாசலில் இப்போது காசு நின்றது. 2015 ஏப்ரலில் கேப் ரவுன் வளாகத்திலிருந்து ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டது. ஒக்டோபரில் நாடெங்கும் மாணவர் எழுந்தபின்தான் மறு ஆண்டுக்கான கட்டண உயர்வு கைவிடப்பட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்ற அறிவிப்பு 2017 டிசம்பரில் வந்தது. அறிக்கைக்கும் அறிவிப்புக்கும் இடையில் இருபது ஆண்டுகள். படிப்பை இடையில் விட்டுப்போனவர்களின் வயதை யார் திருப்பிக் கொடுப்பார்?

இதைச் சொல்லும் நாம் எம்மையும் கேட்க வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தல் அப்பட்டமான அநீதி. ஆனால் 1974இன் மாவட்ட ஒதுக்கீடு மன்னாரிலும் வவுனியாவிலும் சில தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது. அதையும் யாழ்ப்பாணத்தின் இழப்பாக மட்டுமே நாம் எழுதி வந்தோம். எமக்கு இழைக்கப்பட்ட அநீதி, பின்தங்கியவனுக்கான எந்தப் பரிகாரத்தையும் சந்தேகிக்கும் உரிமையை எமக்குத் தந்துவிடாது.

எந்தக் கல்விச் சீர்திருத்தத்தையும் நாம் இனி மூன்று கேள்விகளால் அளப்போம்: யார் தீர்மானித்தார்கள்? யாருக்காக? யாருடைய காசில்? மூன்றாவது கேள்வியைத் தள்ளிப்போட்டதற்கு விலை கொடுத்தவர்கள் தென்னாபிரிக்காவின் ஏழைப் பிள்ளைகள். முதலிரண்டையும் எம்மிடம் கேட்காமலே விட்டதன் விலையை நாம் இன்றும் அந்நிய மண்ணில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.