கயிறு எவ்வளவு பருமன்?

உங்கள் வீட்டு ஷோகேஸில் மரக் கப்பல் இருக்கிறதா? கோழிக்கோடு போன யாரோ வாங்கிவந்து கொடுத்த பேப்பூர் 'உரு'? ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போங்கள்.

கப்பல் ஒன்றரை அடி என்று வையுங்கள். நிஜ உரு நூறு அடி. ஆக, 67-ல் ஒரு பங்கு. இப்போது பாய்மரத்துக் கயிற்றைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் சணல். 67-ஆல் பெருக்கினால் 20 சென்டிமீட்டர்! அதை எந்தக் கலாசி பிடித்து இழுப்பான்? பி.காம். புத்தி, மன்னியுங்கள். கணக்கு இடித்தால் எனக்கு அழகு உள்ளே இறங்குவதில்லை.

இந்த வியாதியைத் தொற்றவைத்தவர் ஒரு கிணத்துக்கடவுக்காரர். குறிச்சிப் பக்கம் பவுண்டரிகளில் பேட்டர்ன் செய்து ரிட்டையர் ஆனவர். பம்ப் வார்க்க மணலில் பதிப்பார்களே, அந்த மர அச்சுதான் பேட்டர்ன். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அந்த அளவு பெரிதாகச் செதுக்க வேண்டும். அதற்கென்றே கோடுகளைத் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் உண்டு. வாழ்நாள் முழுக்க அதில் அளந்த மனிதர், கடலே இல்லாத ஊரில், தென்னந்தோப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரு கட்டுகிறார்.

பேப்பூர்க்காரர்கள் காகிதத்தில் வரைபடம் இல்லாமலே நிஜக் கப்பலைக் கட்டிவிடுவார்கள். இவருக்கு அந்த மனக்கணக்கு கிடையாது. போய் அளந்து வந்தார். ஆனால், மரம் தேக்கில்லை, மஞ்சக்கடம்பு. ஏனென்று கேட்டேன்.

"பலகையைச் சிறுசா அறுக்கலாமுங்க தம்பி. தேக்கோட ரேகை சிறுசாகுமுங்களா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கடையில் வாங்கும் கப்பல்கள் ஏன் கப்பலாகத் தெரியாமல் மரத்துண்டாகத் தெரிகின்றன என்பதற்குப் பாதி பதில் இதுதான். மீதிப் பாதி, அந்தக் கயிறு.

"என்ன பொறுமைங்க உங்களுக்கு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"சும்மா உக்காந்திருந்தாப் பொறுமையாயிருமுங்களா?" என்று ஒரு சாக்கைக் கவிழ்த்தார். ஒட்டிவிட்டுப் பிய்த்த பலகைகள். பதினொன்று எண்ணினேன். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் ஒரு மில்லி வித்தியாசமாம். ஒரு மில்லிதானே?

"நிஜக் கப்பலுக்கு ஏழு சென்டிங்க. தண்ணில ஒருக்களிச்சுப் போயிரும்."

தண்ணீரையே பார்க்கப்போகாத கப்பலுக்கு!

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மேல்தளம் துடைத்துவைத்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மனுஷ நடமாட்டத்தின் தடம் இல்லை. இத்தனை கணக்குப் பார்த்தவர் அழுக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இடது பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. உள்ளே விலாக்கட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. 17, 18-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கடற்படைக்குச் செய்த மாடல்கள் பலவற்றில், உள்கட்டு தெரியட்டும் என்றே கீழ்ப்பலகை அடிக்காமல் விட்டிருப்பார்கள். "நீங்களும் அப்படியே விட்டுடலாமே" என்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தக் கப்பலிலேயே அழகான இடம் அதுதான்.

"அவிங்க காட்டறதுக்காக உட்டாங்க. நான் ஒட்ட முடியாம உட்டேன்னு ஆயிருமுங்களே" என்றவர், பன்னிரண்டாவது பலகையை வெந்நீரில் போட்டார், வளைப்பதற்கு.