மான்டெரி ஷேல்: மூணு எண்ணைப் பெருக்கினால் எண்ணெய் வருமா?

2011-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஒரு ஷேல் அறிக்கை வெளியிட்டது. தயாரித்தது இன்டெக் என்ற ஆலோசனை நிறுவனம். கலிஃபோர்னியாவின் மான்டெரி ஷேலில் எடுக்கக்கூடிய எண்ணெய் 1,540 கோடி பீப்பாய் என்றது அது. நாட்டின் மொத்த ஷேல் எண்ணெயில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு!

இந்த எண் எப்படி வந்தது? பரப்பு 1,752 சதுர மைல். மைலுக்கு 16 கிணறு. கிணற்றுக்கு 5.5 லட்சம் பீப்பாய். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, அச்சு அசலா அதே விடை. பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் 1,752 சதுர மைலும் ஒரே மாதிரி பாறை என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

வடக்கு டகோட்டாவின் பாக்கன் ஷேல் தோசை மாதிரி தட்டையாகப் படிந்து கிடப்பது. படுக்கைவாட்டில் துளைத்துக்கொண்டே போகலாம். மான்டெரி அப்படி இல்லை. மயோசீன் காலக் கடலில் டையாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா கூடுகள் படிந்து உருவான பாறை அது. பக்கத்திலேயே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. மடிந்து, முறிந்து, பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே போகும். அதோடு, அதில் உருவான எண்ணெயில் பெரும்பங்கு எப்போதோ கசிந்து மேலே உள்ள மணற்பாறைகளுக்குப் போய்விட்டது. மிட்வே-சன்செட், கெர்ன் ரிவர் வயல்களில் நூறு வருஷத்துக்கு மேலாக எடுப்பது பெரும்பாலும் அந்த எண்ணெயைத்தான். தாய்ப்பாறையில் மிச்சம் எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

அதை 2013 டிசம்பரில் கேட்டவர் கனடா நாட்டுப் புவியியலாளர் டேவிட் ஹியூஸ். அவர் புதுசா மாடல் எதுவும் போடவில்லை. ஏற்கெனவே தோண்டிய கிணறுகளின் உற்பத்திக் கணக்கை எடுத்துப் பார்த்தார்; 5.5 லட்சம் என்ற சராசரிக்கு ஆதாரமே இல்லை. எனக்கு இந்த விவகாரத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தரவு பொதுவெளியில்தான் கிடந்தது. அறிக்கையை எழுதியவர்களும் பார்த்திருக்கலாம்.

2014 மே மாதம் அரசு நிர்வாகமே மதிப்பீட்டை 60 கோடியாக இறக்கியது. 96 சதவீதம் காலி. 2015-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் சான் வாக்கின் படுகையின் ஆழ்பகுதி மான்டெரிக்கு மட்டும் தனியாகக் கொடுத்த எண் 2.1 கோடி பீப்பாய்.

இதற்கு நடுவில், 2013 மார்ச்சில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு, 2020-க்குள் 28 லட்சம் வேலைகள் வரைக்கும் உருவாகலாம் என்றது. அந்த ஆய்வின் அடித்தளமும் அதே 1,540 கோடிதான்.